நாலு பிளக்கும் ஆறு மாதச் சம்பளமும்

கார் உதிரிபாகக் கடை முதலாளி மெக்கானிக்குக்குத் தர வேண்டியது நாலாயிரத்து இருநூறு. மாதம் எழுநூறு வீதம் ஆறு மாதம் பிடித்து வைத்த சம்பளம். தர வேண்டிய நாள் கடந்து முப்பத்தொரு வருடமாகிறது. இன்றைக்கு அந்தத் தொகைக்கு ஒரு வண்டிக்கு நல்ல டயர் ஒன்று வாங்கலாம். இரண்டாவதற்குக் கடன் சொல்ல வேண்டும். ஆனால் அன்றைக்கு அது ஒரு வாடகை வீட்டுக்கு முன்பணம், ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கல்யாணம்.

மெக்கானிக் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. அதுவும் பாதி. எழுத்துக் கூட்டி வாசிக்க வராவிட்டால் என்ன, எஞ்சின் பேசுவது அவருக்குப் புரியும். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே மூன்றாவது சிலிண்டர் விக்குகிறது என்று சொல்லிவிடுவார்; திறந்து பார்த்தால் மூன்றாவதுதான் விக்கும். நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் கணினியைச் செருகிவிட்டு விழித்துக்கொண்டிருக்கையில், இவர் நீளத் திருப்புளியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, கோளாறு இருக்கிற இடத்தில் விரல் வைத்தது ஒரு தடவை அல்ல, நூறு தடவை. இதை அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். பொய் இல்லை என்பதால் யாரும் மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. முனைமுறிச்சான்.

அந்தக் கதை இது. இருபத்திரண்டு வயதில் அவர் அந்த முதலாளியிடம் வேலைக்கு இருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. மாதம் ஆயிரம் சம்பளம். அதில் முந்நூறைக் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை முதலாளி தம்மிடமே நிறுத்திக்கொள்வார். கையில் கொடுத்தால் கரைந்துவிடும், வீடு பார்க்கும்போது மொத்தமாக வாங்கிக்கொள் என்பார். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தகப்பன் மாதிரி ஒரு முதலாளி கிடைத்தார் என்று மெக்கானிக் நெஞ்சு நிறைந்து போயிருந்தார். அந்த நிறைவை நினைத்தால்தான் இப்போதும் அவருக்கு வயிறு எரியும். பணம் போனது ஒரு பங்கு என்றால், ஏமாந்த அந்தச் சந்தோஷம் மூன்று பங்கு.

பிளக் என்பது சின்னச் சாமான். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறி அதன் முனையில்தான் பிறக்கிறது. நடுவில் ஒரு கம்பி முனை, அதற்கு மேல் வளைந்த ஒரு கொக்கி, இரண்டுக்கும் நடுவே நகத்தின் கனம்கூட ஒழுங்காக நுழையாத ஓர் இடைவெளி. அது சரியாக இருந்தால் வண்டி பாடும். பிசகினால் இருமும். அந்தக் காலத்தில் புது பிளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டுகிறவனை மெக்கானிக் என்றே யாரும் மதிக்க மாட்டார்கள். இடைவெளியில் மெல்லிய தகடு விட்டுப் பார்த்து, கொக்கியை ஒரு தட்டுத் தட்டியோ ஒரு நெம்பு நெம்பியோ சரிசெய்த பிறகுதான் மாட்ட வேண்டும். அதுதான் வேலை தெரிந்தவன் அடையாளம்.

அப்போதுதான் அந்த விலை உயர்ந்த பிளக் முதன்முதலாகக் கடைக்கு வந்தது. சாதாரண பிளக்கைப் போல ஐந்து மடங்கு விலை. அதன் நடு முனை தையல் ஊசி மாதிரி மெலிசு. தொழிற்சாலையிலேயே இடைவெளி வைத்து அனுப்புகிறார்கள், தொடக் கூடாது. அதைப் பெட்டிக்குள் ஒரு துண்டுத் தாளில் அச்சடித்தும் வைத்திருந்தார்கள். அந்தத் தாளை முதலாளி வாசித்தார். மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். மெக்கானிக்கிடம் நாலு பிளக்கை நீட்டி, பெரிய இடத்து வண்டி, பார்த்து மாட்டு என்று மட்டும் சொன்னார்.

பார்த்து மாட்டு என்றால் வேலை தெரிந்தவன் என்ன செய்வான்? தகடு விட்டார், நெம்பினார். ஒன்றில் ஊசி முனை முறிந்தது. மற்ற மூன்றிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல். வண்டி பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் விக்க ஆரம்பித்தது. வண்டிக்காரர் முன்னால், கடைக்கு வந்திருந்த பத்துப் பேர் முன்னால் முதலாளி கத்தினார். வாசிக்கத் தெரியாதவனை வேலைக்கு வைத்தது என் புத்திக்குச் செருப்படி என்றார். முனைமுறிச்சான் என்றார். கூட்டம் சிரித்தது. ஒரு பெயர் ஒட்டிக்கொள்ள அது போதாதா?

அன்றைக்கே முதலாளி அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். பிடித்து வைத்த சம்பளத்தைக் கேட்டதற்கு, எஞ்சினே போய்விட்டது, அது இதுக்குச் சரியாகப் போச்சு என்று பதில். எஞ்சின் எங்கே போயிற்று? நாலு பிளக்கை மாற்றியதும் அந்த வண்டி ஓடியது. அதற்குப் பிறகு எட்டு வருடம் அதே எஞ்சின், அதே சத்தத்தோடு மெக்கானிக்கின் கண்ணெதிரே போய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை அது கடக்கும்போதும் அவர் காதில் கேட்டது எஞ்சின் சத்தம் அல்ல, நாலாயிரத்து இருநூறு.

பெயர் கடை கடையாகப் போனது. ஒன்றரை வருடம் யாரும் வேலைக்கு வைக்கவில்லை. நிச்சயம் பண்ணிய பெண்ணின் அப்பா கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார். அந்தப் பெண் மட்டும் தள்ளிப் போகவில்லை. இன்றைக்கு மெக்கானிக்கின் மனைவி அந்தப் பெண்தான்.

பிறகு அவர் எழுந்து நின்றதைச் சொல்ல ஒரு நாள் பற்றாது. மரத்தடியில் ஒரு பெட்டி ஸ்பானரோடு தொடங்கி, ஒரு ஓலைக் கொட்டகை, பிறகு தகரக் கொட்டகை, இப்போது மூன்று வண்டி நிற்கிற சிமெண்டுத் தளம், வண்டியைத் தூக்கும் இயந்திரம் ஒன்று. யாரிடமும் கை நீட்டவில்லை. முக்கியமாக, அந்தக் கடையில் ஒரு வாஷர்கூட வாங்கியதில்லை. அடுத்த தெருவில் கடை இருக்க, இரண்டு மணி நேரம் பஸ் ஏறிப் போய் வேறு ஊரில் சாமான் வாங்கி வந்தவர் அவர். ஒரு மழைநாளில் முதலாளியின் கார் சரியாக இவர் பட்டறை வாசலில் நின்றுபோனது. மெக்கானிக் டீ தம்ளரோடு வெளியே வந்தார். முதலாளி நனைந்தபடி நிமிர்ந்து பார்த்தார். 'என் கை பட்டா எஞ்சினே போயிடும் முதலாளி, எதுக்கு வம்பு' என்று சொல்லிவிட்டு, டீயைக் கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தார். அந்த டீயின் ருசி ஒரு மாதம் நாக்கில் நின்றது.

ஆனாலும் அசல் அப்படியே நின்றது.

போன மாதம் முதலாளி கடை வாசலில் பெரிய பலகை ஒன்று கட்டினார். உயர்ரக பிளக் மாட்டுங்கள், இழுவை கூடும், பெட்ரோல் மிச்சம். சங்கத்து டாக்சிகள் அறுபதுக்கும் மாட்டிவிடலாம் என்று டாக்சி சங்கத் தலைவரிடம் பேச்சு வேறு. தலைவர் முன்யோசனைக்காரர். வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவரையும் ஒரு வார்த்தை கேட்போம் என்று மெக்கானிக்கையும் டாக்சி நிறுத்தத்துக்கு வரச் சொன்னார். ஓட்டுநர்கள் சுற்றி நின்றார்கள். மெக்கானிக்கைப் பார்த்ததும் முதலாளி சிரித்தார்.

"இவனையா கூப்பிட்டீங்க? நாலு பிளக்கை முறிச்சவன்தானே. இவன் பேச்சைக் கேட்டா வண்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்."

மெக்கானிக்குக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, இன்னும் 'இவன்'. அவர் கோபத்தைக் காட்டவில்லை. முப்பத்தொரு வருடம் காய்ச்சிய கோபத்தை ஒரு நிமிடத்தில் கொட்டிவிட அவர் என்ன பைத்தியமா?

"உங்க பிளக் நல்ல பிளக்தான் முதலாளி. ரொம்ப நாள் உழைக்கும். ஆனா இழுவை கூடும்னு எழுதியிருக்கீங்களே, அது கூடாது. எஞ்சின் ஒழுங்கா இருந்தா, அதுக்குன்னு உள்ள சாதா பிளக்கைப் புதுசா மாட்டினாலும் அதே இழுவைதான்."

வாக்குவாதம் வளர்ந்தது. கடைசியில் எல்லார் முன்னாலும் பந்தயமாக முடிந்தது. விலை உயர்ந்த பிளக் சாதா பிளக்கைவிட நன்றாக இழுத்தால், அறுபது வண்டிக்கும் மெக்கானிக் கூலி வாங்காமல் அதை மாட்டித் தர வேண்டும். அதோடு பட்டறைப் பலகையில் முனைமுறிச்சான் என்று எழுதி மாட்ட வேண்டும். இரண்டும் ஒன்றே என்றால், அந்தப் பழைய நாலாயிரத்து இருநூறை முதலாளி எண்ணி வைக்க வேண்டும். வட்டி எவ்வளவு என்று ஒரு ஓட்டுநர் கேட்டார். வட்டி வேண்டாம், அதை வேறு வழியில் கொஞ்சம் கொஞ்சமாக வசூல் பண்ணிவிட்டேன் என்றார் மெக்கானிக்.

மதியம் சாப்பாட்டின்போது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் சோற்றைப் போட்டபடியே கேட்டார்: "தோத்தா அந்தப் பேரைப் பலகையில எழுதுவீங்களாக்கும். எழுதத் தெரியுமா உங்களுக்கு?"

"நீ எழுதிக் குடு. நான் ஆணி அடிச்சுக்கறேன்."

மனைவி சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார். "ஒன்றரை வருஷம் எங்க அப்பா வீட்ல நான் கேக்காத பேச்சில்ல. அதுக்கும் சேர்த்து வாங்கிட்டு வாங்க."

ஞாயிறு காலை மேம்பாலத்து ஏற்றத்தின் அடியில் கூடினார்கள். எந்த வண்டியில் பார்ப்பது என்பதை முதலாளியே சொல்லட்டும் என்று மெக்கானிக் விட்டுக்கொடுத்தார். முதலாளி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, இருப்பதிலேயே சோர்ந்துபோன வண்டியாக ஒன்றைத் தொட்டார். அதன் ஓட்டுநர் சிக்கனத்துக்குப் பேர்போனவர். பிளக் மாற்றி இரண்டு வருடம் தாண்டிவிட்டது, மாற்று மாற்று என்று மெக்கானிக் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வண்டி. முதலாளி ஏன் அதைத் தொட்டார் என்று மெக்கானிக்குக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. தேய்ந்த பிளக் இருக்கிற வண்டியில் எந்தப் புது பிளக்கைப் போட்டாலும் குதிக்கும். தம் பிளக்கின் பெருமையாக அதைக் காட்டிவிடலாம் என்று ஆள் கணக்குப் போட்டிருக்கிறார். அதுவே இருக்கட்டும் என்றார் மெக்கானிக். பள்ளம் தோண்டுகிறவன் இன்னும் கொஞ்சம் ஆழமாகவே தோண்டட்டும்.

இரண்டு வகை பிளக்கும் முதலாளியின் கடையிலேயே வாங்கியவை. தலைவர் போய் வாங்கி, உறை பிரிக்காமல் தம் பையிலேயே வைத்திருந்தார். பின்னால் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று மெக்கானிக் செய்த ஏற்பாடு. முறையும் அவர் சொன்னதுதான். வண்டியைச் சூடேற்றி, ஏற்றத்தின் முதல் விளக்குக் கம்பத்தை நாற்பதில் தொட்டு, மூன்றாவது கியரில் முழுசாக மிதித்து, ஏழாவது கம்பத்தில் வேகம் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. மூன்று தடவை. முன்னால் ஓட்டுநரும் தலைவரும். பின்னால் முதலாளி.

பழைய பிளக்கில் நாற்பத்தேழு, நாற்பத்தாறு, நாற்பத்தேழு.

அடுத்து உயர்ரகம். எஞ்சின் ஆறட்டும் என்றார் மெக்கானிக். சூட்டோடு கழற்றினால் மரை போய்விடும். அது உண்மை. முதலாளியை அரை மணி நேரம் வெயிலில் நிற்க வைக்கக் கிடைத்த வாய்ப்பு என்பதும் உண்மை. பிறகு பழைய நாலையும் கழற்றி, எந்தச் சிலிண்டரில் எது இருந்ததோ அதே வரிசையில் துணியில் அடுக்கினார். புதுசை எடுத்தார்.

அறுபது ஓட்டுநர்களின் கண்ணும் அவர் விரலில் இருந்தது. முனையை முறிச்சிடாதே என்று முதலாளி குரல் கொடுத்தார். அங்கங்கே சிரிப்பு. மெக்கானிக் அந்த ஊசி முனையைப் பார்த்தார். ஒரு நெம்பு போதும். கட்டைவிரல் நகத்தால்கூட முடியும். வண்டி இந்தக் கூட்டத்தின் நடுவே விக்கி விக்கி ஏறும், முதலாளியின் முகம் சுண்டிப்போகும். யாருக்கும் தெரியாது. விரல் அந்த முனைக்கு அருகே போனது. முறித்தால் பணம் வரும். ஆனால் அந்த ஆள் வைத்த பெயர் அன்றைக்குப் பொய்யாக இருந்தது போய் இன்றைக்கு மெய்யாகிவிடும். விரலை எடுத்துக்கொண்டார். நாலையும் முதலில் கையாலேயே திருகி உட்கார வைத்தார், கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பானர். முனையில் காற்றுகூடப் படவில்லை.

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

கூட்டம் விசிலடித்தது. வண்டியைவிட்டு இறங்கிய முதலாளி பத்து வயது குறைந்தவர் போல நடந்து வந்தார். அறுபது வண்டிக்கும் என்றைக்கு மாட்டலாம் என்று தலைவரின் தோளில் கை போட்டுக் கேட்டார். பட்டறைப் பலகைக்கு என்ன நிறம் பூசலாம் என்றும் கேட்டார். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"என்னடா சொல்ற இப்போ?"

"நல்லா இழுக்குது முதலாளி. எல்லாரும் பாத்தாங்க. நீங்களும் உள்ளயே உக்காந்து பாத்தீங்க."

"அப்போ ஒத்துக்கிட்டே?"

"எஞ்சின் ஆறட்டும்."

முதலாளிக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. தெரிந்துபோன விஷயத்துக்கு இனி எதற்கு வெயிலில் நிற்க வேண்டும், எல்லோரும் பிழைப்பைப் பார்க்கலாமே என்றார். தலைவர் அசையவில்லை. வந்தது வந்தோம், பையில் இருக்கிற சாதாவையும் பார்த்துவிடுவோம் என்று பெட்டியைப் பிரித்தார்.

அரை மணி நேரம். இந்த அரை மணியை மெக்கானிக் ஒவ்வொரு நிமிடமாகச் சப்பிச் சாப்பிட்டார். சாதா பிளக்கை எடுத்து, தகடு விட்டு, கொக்கியை ஒரு தட்டு, மறுபடி தகடு. வேலை தெரிந்தவன் செய்கிற அதே தட்டு. எல்லோரும் பார்க்கும்படி நிதானமாகச் செய்தார்.

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. ஐம்பத்தெட்டு.

மூன்றாவது தடவை வண்டி திரும்பி வந்தபோது முதலாளி பின்சீட்டைவிட்டு இறங்கவில்லை. விசிலும் இல்லை. மெக்கானிக் துணியோடு பழைய பிளக்குகளை எடுத்துவந்து ஓட்டுநர்களிடம் கொடுத்தார். முனைகள் சூப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி உருண்டு தேய்ந்திருந்தன. இடைவெளி இரண்டு மடங்கு அகன்றிருந்தது. அவை கைமாறிக் கைமாறிப் போயின. வண்டி குதித்ததற்குக் காரணம் விலை அல்ல, புதுசு என்பதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெட்ரோல் கதையும் அதுதான் என்று ஒருவர் முணுமுணுத்தார். அந்தச் சிக்கன ஓட்டுநர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, இரண்டு வருடமாக இவ்வளவு பெட்ரோலையா புகையாக விட்டேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் குனிந்து காருக்குள் பார்த்துச் சொன்னார்: "நாலு மடங்கு நாள் உழைக்கும், அடிக்கடி கழட்டி மாட்டற வேலை மிச்சம்னு மெய்யைச் சொல்லியிருந்தா பாதிப் பேர் வாங்கியிருப்பாங்க முதலாளி. உங்களுக்குத்தான் அது வாயில வராதே."

அறுபது வண்டி வியாபாரம் அங்கேயே படுத்துவிட்டது. முதலாளி பணத்தை அடுத்த வாரம் ஆள் மூலம் அனுப்புவதாகச் சொன்னார். தலைவர் அதற்கு ஒப்பவில்லை. போகிற வழிதானே என்று டாக்சிகள் எல்லாம் முதலாளி கடை முன்னால் வரிசையாக நின்றன. முப்பத்தொரு வருடம் கழித்து மெக்கானிக் அந்தப் படியை ஏறினார். மேசை அதேதான். இழுப்பறையின் பித்தளைப் பிடி மட்டும் புதுசு.

முதலாளி காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

"அதை எனக்கு வாசிக்கத் தெரியாதே முதலாளி," என்றார் மெக்கானிக். வாசலில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்த பத்துப் பேருக்கு இது ஐந்தாறு மடங்காவது இருக்கும்.

காசோலை உள்ளே போய், நோட்டுக் கட்டு வெளியே வந்தது. முறிந்த நாலு பிளக்கின் விலையைக் கழித்துக்கொண்டுதான் தருவேன் என்று முதலாளி கடைசியாக ஒரு முட்டு முட்டினார். மெக்கானிக் அதை எதிர்பார்த்தே வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து முந்நூற்று அறுபதை எடுத்து மேசைமேல் வைத்தார். அன்றைய விலை, பிளக்குக்குத் தொண்ணூறு. அது தம் கை செய்த தவறு, தம் கடன், அதைத் தனியாகத் தீர்த்தாயிற்று என்றார். கழிப்பதெல்லாம் முதலாளியின் பழக்கம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

முதலாளி நோட்டுக் கட்டை மேசைமேல் தள்ளினார். மெக்கானிக் அதைத் தொடவில்லை. வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்தார். கிரீஸ் ரேகையில் ஊறிப்போன கை.

"மேசைல வேணாம். இங்க."

முதலாளி ஒரு முறை வாசலைப் பார்த்தார். பிறகு கட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். "எண்ணிக்குங்க," என்றார். 'இவன்' எங்கோ போய், 'ங்க' வந்திருந்தது.

"நீங்க எண்ணுங்க. சத்தமா. நான் மூணாம் கிளாஸ் பாதிதான்."

முதலாளி நூறு ரூபாய் நோட்டுகளாக எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு நோட்டும் உள்ளங்கையில் விழுந்தது. இருபத்தேழில் நா தடுமாறி, இருபத்தாறு என்றார். மெக்கானிக் அத்தனை நோட்டையும் திருப்பிக் கொடுத்து, ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். கை மறுபடி விரிந்தது. முதலாளியின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. முப்பத்தொன்பது, நாற்பது. மெக்கானிக் நோட்டைப் பார்க்கவில்லை, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று என்று சொல்லி ஒன்றை வைத்தார் முதலாளி. விரலை எச்சில் தொட்டு, கடைசி நோட்டைப் பிரித்து, நாற்பத்திரண்டு என்று அந்த உள்ளங்கையில் வைத்தார்.